ஒரே உப்பங்கழி, ஒன்பது மாதம்: கடலோர வலசைப் பறவைகளை நோக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆவணியில் தொடங்கிப் பங்குனி, சித்திரை வரை, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரே கடலோர இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பறவைகளைப் பார்ப்பது, எண்ணுவது, குறித்து வைப்பது. இந்த வழிகாட்டி அதைப் பற்றியது மட்டும். கோடியக்கரைக்கு வருடத்துக்கு ஒருமுறை போய்வருவதற்கு வேறு தயாரிப்பு வேண்டும்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னைக்குத் தெற்கே, முட்டுக்காட்டில் கடலைச் சேரும் கோவளம்–கேளம்பாக்கம் உப்பங்கழியை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. மரக்காணம் உப்பளம், அடையாறு முகத்துவாரம், தூத்துக்குடி உப்பளங்கள், குமரி மாவட்டத்து மணக்குடி ஆகிய இடங்களிலும் முறை இதுதான். நீர்மட்டம் மாறும் தேதிகள் மட்டும் இடத்துக்கு இடம் வேறுபடும்.

புதிதாக வருபவர்கள் தடுக்குவது பறவையை அடையாளம் காண்பதில் என்று நினைப்போம். உண்மையில் அதற்கு முன்பே, தண்ணீரைப் பார்க்காமல் கிளம்புவதில் தடுக்கிவிடுகிறார்கள். அதனால்தான் நீர்மட்டம் பற்றிய பகுதி மற்றவற்றைவிட நீளம்.

1. எல்லையை வரைந்துகொள்ளுங்கள்

ஜூலை கடைசியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய கடலோர நீர்நிலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அரை மணி என்பது முக்கியம். ஒன்றரை மணி நேரப் பயணம் என்றால் மூன்றாவது வாரமே சோம்பல் வந்துவிடும். வாராவாரம் போகாத இடத்தின் பதிவில் இடைவெளிகள்தான் மிஞ்சும்.

நடக்கும் தூரம் இரண்டு முதல் மூன்று கிலோமீட்டர், நேரம் இரண்டு மணிக்குள் இருக்கட்டும். எல்லைக்குள் குறைந்தது மூன்று வகை இடமாவது அமைய வேண்டும்: சேறு தெரியும் ஆழமற்ற கழி, உப்புப் பாத்தி, திறந்த நீர். கொஞ்சம் முள்ளுக்காடோ கண்டல் செடிகளோ இருந்தால் இன்னும் நல்லது. கடல்நீர் ஏறும் நேரத்தில் கழியில் நிற்க இடமில்லாத பறவை பாத்திக்குப் போகும். இரண்டும் உங்கள் எல்லைக்குள் இருந்தால் அதைத் தொடரலாம். ஒன்று மட்டும் இருந்தால், பறவை "இல்லை" என்று எழுதுவீர்கள், அது முந்நூறு மீட்டர் தள்ளி நின்றுகொண்டிருக்கும்.

எல்லைக்குள் நான்கைந்து நிற்கும் புள்ளிகளைக் குறித்து எண் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே வரிசையில், அதே புள்ளிகளில் நின்று பாருங்கள். போன வாரம் 80 பவளக்காலி, இந்த வாரம் 12 என்றால், குறைந்தது பறவையா அல்லது நீங்கள் பார்த்த பரப்பா என்ற குழப்பம் வரக்கூடாது.

2. யாருடைய இடம் என்று கேளுங்கள்

உப்பளங்கள் குத்தகையிலோ தனியாரிடமோ இருப்பவை. வெறுமையாகத் தெரிந்தாலும் வரப்பு ஒருவருடைய உழைப்பு. ஈர வரப்பில் மிதித்தால் மண் சரிந்து ஒரு பாத்தியின் நீர் அடுத்த பாத்தியில் கலக்கும். முதல் நாள் ஸ்கோப்பை (முக்காலியில் பொருத்தும் ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கி) தோளில் போட்டுக்கொண்டு நேரே உள்ளே போகாதீர்கள். அங்கே வேலை செய்பவர்களிடம், "அண்ணே, பறவை பார்க்க வந்திருக்கேன், எந்த வரப்புல நடக்கலாம்?" என்று கேளுங்கள். எந்தப் பாத்தியில் எப்போது தண்ணீர் விடப்போகிறார்கள், நேற்று சாயங்காலம் பறவைக் கூட்டம் எங்கே இறங்கியது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். வேறு எந்தச் செயலியும் அதைச் சொல்லாது.

துறைமுகம், கடற்படை, அணுமின் நிலையம், விமான நிலையம் ஆகியவற்றின் சுற்றுச்சுவரை ஒட்டி ஸ்கோப்போ நீள லென்ஸோ விரிக்காதீர்கள். சரணாலய எல்லை என்றால் வனத்துறை அனுமதி தேவை. ட்ரோன் எங்கேயும் வேண்டாம்; வல்லூறு வந்ததுபோல் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும்.

3. கருவிகள்: எது முதலில், எது பிறகு

முதலில் வாங்க வேண்டியது 8x42 இருநோக்கி, அதாவது 8 மடங்கு பெருக்கமும் 42 மி.மீ. முன் வில்லையும் கொண்ட பைனாகுலர். 10x இன்னும் பெரிதாகக் காட்டுமே என்று பலர் அதற்குப் போகிறார்கள். கடற்காற்றில் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும், பார்க்கும் பரப்பும் சுருங்கும். கூட்டத்தில் ஒரு பறவையைப் பிடித்து, அதைத் தொலைக்காமல் பின்தொடர 8x எளிது.

வாங்கிய அன்றே கண்ணுக்கேற்பச் சரிசெய்துகொள்ளுங்கள். இரு குழாய்களையும் விரித்துச் சுருக்கி ஒரே வட்டமாகத் தெரியவையுங்கள். வலதுபக்க முன் லென்ஸைக் கையால் மூடி, தொலைவிலுள்ள ஒரு பெயர்ப்பலகையை நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண்வில்லை வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். அந்த நிலையைப் பேனாவால் குறித்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் அரை மணியில் தலைவலி வருகிறது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்வில்லையின் ரப்பர் மூடியைக் கீழே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் காட்சிதான் தெரியும்.

ஒரு பருவம் முடிந்தபின் ஸ்கோப் பற்றி யோசியுங்கள். கரைப்பறவைகள் 100, 200 மீட்டருக்கு அப்பால் நிற்பவை, ஆகவே கடலோரத்தில் ஸ்கோப் ஆடம்பரமில்லை. 60 மி.மீ. வில்லையும் 20–60 பெருக்கமும் போதும். ஆனால் 60-க்குத் திருகாதீர்கள். 20-இல் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 3 மி.மீ. அகலம், 60-இல் வெறும் 1 மி.மீ.; படம் இருண்டுபோகும், கானல் அலை மூன்று மடங்காகும். 25, 30-இல் வேலை முடிந்துவிடும். ஸ்கோப்புக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை முக்காலிக்கு ஒதுக்குங்கள். காற்றில் ஆடும் முக்காலியின் மேல் எந்த ஸ்கோப்பும் வீண்.

மற்றவை: குறிப்பேடு, பென்சில் (பேனா மை உப்பு ஈரத்தில் கசியும்), விரலால் அழுத்தும் எண்ணி, தொப்பி, ஒன்றரை லிட்டர் தண்ணீர். உடை மண்நிறத்தில் இருக்கட்டும். வெள்ளைச் சட்டை வேண்டவே வேண்டாம். காலுக்குப் பின்வார் வைத்த ரப்பர் செருப்பு. வெறுங்காலில் சேற்றில் இறங்கினால் சிப்பியும் உடைந்த பாட்டிலும் கிழித்துவிடும்.

திரும்பியதும் லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். மேலே படிந்திருப்பது உப்புத் துகள். தேய்த்தால் பூச்சு கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், கடைசியில் உலர்ந்த லென்ஸ் துணி. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வைத்தால், ஐப்பசி ஈரத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்காது.

4. தண்ணீரைப் படியுங்கள்

வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் ஓத அட்டவணையிலிருந்து, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களிலிருந்து தொடங்கும். அங்கே கடல் ஐந்தாறு மீட்டர் ஏறி இறங்கும் கரைகள் உண்டு. சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசமே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அட்டமி, நவமியில் அதில் பாதிகூட இருக்காது. முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் கழிக்குள் அதுவும் வராது. ஆகவே நம் கரையில் கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசை வேறு.

முதல் கேள்வி: முகத்துவாரம் திறந்திருக்கிறதா? வடகிழக்குப் பருவமழை வெள்ளம் மணல்திட்டை உடைத்துத் திறக்கும். மழை நின்றபின் அலை மணலைக் கொண்டுவந்து சேர்க்க, வாய் குறுகிக்கொண்டே வரும். சில இடங்களில் பொக்லைன் வைத்துத் திறப்பார்கள். மூடியிருந்தால் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பவை மழையும் வெயிலும் மட்டுமே. அன்றைக்கு ஓத அட்டவணையைப் பார்ப்பது நேர விரயம்.

இரண்டாவது: மழை எவ்வளவு பெய்தது? புதியவர்கள் செய்யும் பெரிய பிழை இங்கேதான். குளிர்காலம் என்றதும் டிசம்பரில் முதல்முறையாகக் கிளம்புகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிய மழை கழியில் நிறைந்து நிற்கும். வங்கக் கடலின் மட்டமும் நம் கரையில் அந்த மாதங்களில்தான் உயர்ந்திருக்கும். சேறு முழுக்க நீருக்கடியில். பார்த்தால் நடுவில் நாலு கூழைக்கடா, தூரத்தில் வாத்து. "இங்கே ஒன்றும் வருவதில்லை" என்று முடிவுகட்டி விடுகிறார்கள். அதே இடத்தில் தை பிறந்து நீர் இறங்க ஆரம்பித்ததும் விளிம்பில் புதுச் சேறு தெரியும், மாசியில் சிறு உள்ளான்கள் (சேற்றில் மேயும் கரைப்பறவைகள்) நிறைந்துவிடும்.

ஆழத்தை அளக்கப் பறவையின் காலே அளவுகோல். கொசு உள்ளானும் உப்புக்கொத்திகளும் ஈரச் சேற்றிலும் இரண்டு மூன்று செ.மீ. நீரிலும் மட்டும் மேயும். பவளக்காலிக்கும் பொரி உள்ளானுக்கும் இன்னும் சற்று ஆழம் பரவாயில்லை. நெடுங்கால் உள்ளானும் கருவால் மூக்கனும் ஒரு சாண் அருகில் வரும் ஆழத்திலும் நின்று மேயும். பூநாரை அதற்கும் மேலே. ஒரு பாத்தியில் நெடுங்கால் உள்ளானின் முழங்கால் தெரியவில்லை என்றால் அங்கே கொசு உள்ளானைத் தேடி ஸ்கோப் வைக்காதீர்கள், விளிம்புக்குத் திருப்புங்கள்.

இதைக் கணக்காக வைத்துக்கொள்ள ஒரு வழி: முதல் புள்ளியில் எப்போதும் கண்ணில் படும் ஒரு மதகுச் சுவரையோ பாலத்தூணையோ தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் ஒரு படம் எடுங்கள், நீர்க்கோடு எத்தனையாவது கல் வரை என்று எழுதுங்கள். நான்கு மாதம் கழித்து, எந்த மட்டத்தில் எந்தப் பறவை என்பது உங்கள் இடத்துக்கே உரிய அட்டவணையாகக் கையில் இருக்கும்.

மூன்றாவதுதான் ஓதம், வாய் திறந்திருந்தால். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் ஓத முன்கணிப்பை இணையத்தில் தருகிறது. அதில் இருப்பது துறைமுகத்து நேரம். உள்கழிக்கு நீர் வந்துசேரக் கூடுதல் நேரமாகும். எவ்வளவு என்பதை ஒரு நாள் முழுக்க அந்த மதகுச் சுவரைப் பார்த்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். ஏற்றம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும், அதனால் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரே இடத்தில் எல்லா அமாவாசையன்றும் நீர் ஏறும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருமுறை குறித்துக்கொண்டால் அப்புறம் நாட்காட்டித் தாளைப் பார்த்தே கணக்கிடலாம்.

வற்றும் நேரத்தில் பறவை பரவி மேயும், அடையாளம் பழக அது நல்ல வேளை. ஏறும்போது மணல்திட்டிலும் பாத்தி வரப்பிலும் நெருக்கமாகக் கூடி ஓய்வெடுக்கும், அப்போது எண்ணலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முயலாதீர்கள்.

உப்பளத்தில் இன்னொரு நுட்பம். கடல்நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து செறிவாகி, செறிவை அளக்கும் போமே அளவில் 25 டிகிரியைத் தொட்ட பிறகு உப்பு பூக்கும். வெண்மையாக விளைந்த கடைசிப் பாத்திகளில் பறவைக்குத் தின்ன எதுவும் இல்லை. நீர் முதலில் வந்து தேங்கும் பெரிய பாத்திகளிலும் நடுப் பாத்திகளிலும்தான் பூச்சியும் உப்புநீர் இறாலும் இருக்கும். வெள்ளைப் பாத்தியை அழகு பார்த்துக்கொண்டு நிற்காமல் அங்கே போங்கள்.

5. வெளிச்சம் எந்தப் பக்கம்

மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து, தெற்கே சாய்ந்தே நகர்ந்து, தென்மேற்கில் விழுகிறது. ஆகவே குளிர்காலம் முழுதும் வடக்கு நோக்கிப் பார்ப்பவருக்கு வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலை கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதில் நின்று வடக்குப் பக்க நீரைப் பார்த்தால் காலின் நிறம் தெரியும், தெற்குப் பக்கம் திரும்பினால் எல்லாம் கறுப்பு நிழல். கடலோர முகத்துவாரத்தில் காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், மாலையில் மறுகரை. புள்ளிகளின் வரிசையை இதற்கேற்ப அமையுங்கள்.

விடிந்து பத்து நிமிடத்தில் முதல் புள்ளியில் இருங்கள். எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழும்பும். 150 மீட்டருக்கு அப்பாலுள்ள அலகின் நீளமும் கூட நெளியும். கானலில் எடுத்த முடிவை நம்பாதீர்கள். நெளிய ஆரம்பித்தால் அருகிலுள்ள பறவைகளுக்கு மாறுங்கள், அல்லது வீட்டுக்குக் கிளம்புங்கள்.

6. கிட்டே போகும் முறை

வண்டியை நிறுத்தியதும் வரப்பில் ஏறாதீர்கள். இறங்கிய இடத்திலிருந்தே முழுப் பரப்பையும் ஒருமுறை இருநோக்கியால் மெல்லத் துழாவுங்கள். முதலில் கம்பங்களின் உச்சி: விரால் அடிப்பானோ வல்லூறோ உட்கார்ந்திருக்கலாம். அடுத்து தொலைவுக் கூட்டங்கள். கடைசியில் காலடி. பக்கத்தில் உள்ளதைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். அதற்குள் தூரத்துக் கூட்டம் பறந்துபோனால் திரும்பக் கிடைக்காது.

வரப்பின் மேல் நிமிர்ந்து நடக்கும் மனிதன் வானத்துக்கு எதிரே நிழலுருவமாகத் தெரிவான். வரப்பின் பின்சரிவில் நடந்து, தலை மட்டும் தெரியும்படி நின்று பாருங்கள். கூட்டத்தை நோக்கி நேர்க்கோட்டில் போகாமல் சாய்வாகப் போங்கள். இருபது அடிக்கு ஒருமுறை நில்லுங்கள். உட்கார்ந்துவிட்டால் இன்னும் நல்லது. கால்மணி நேரத்தில் பறவைகளே கிட்டே வரும்.

எப்போது நிறுத்த வேண்டும்? மேய்வது நின்று தலைகள் உயர்ந்தால் அதுதான் எல்லை. நெடுங்கால் உள்ளானும் பவளக்காலியும் முதலில் கத்தும். ஒன்று கத்திப் பறந்தால் மற்றவையும் எழும்பும். ஓய்வெடுக்கும் கூட்டத்துக்கு நூறு மீட்டருக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு எழும்பலும் அவை மேய்ந்து சேர்த்த கொழுப்பைக் கரைக்கிறது. பங்குனியில், வடக்கே திரும்பும் முன், அந்தக் கொழுப்புதான் அவற்றின் கட்டுச்சோறு. பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டி எழுப்புபவர்களோடு சேர்ந்து போகாதீர்கள்.

7. அடையாளம்: இந்த வரிசையில் கேளுங்கள்

குளிர்கால இறகில் பெரும்பாலான கரைப்பறவைகள் மேலே சாம்பல் அல்லது பழுப்பு, கீழே வெள்ளை. நிறத்திலிருந்து தொடங்கினால் நாற்பது பக்கம் புரட்ட வேண்டியிருக்கும். அளவு, மேயும் விதம், அலகு, கால், பறக்கும்போது இறக்கை, குரல் என்ற வரிசையில் போங்கள்.

அளவுக்கு மூன்று உரைகல்: கொசு உள்ளான் (சிட்டுக்குருவியைவிடச் சிறியது), பவளக்காலி (நடுத்தரம்), நெடுங்கால் உள்ளான். இந்த மூன்றையும் முதல் மாதத்தில் கண் மூடினாலும் தெரியும் அளவுக்குப் பழகிவிடுங்கள். பிறகு வருவதெல்லாம் இவற்றைவிடப் பெரிதா சிறிதா என்பதுதான்.

மேயும் விதம் பாதி வேலையை முடிக்கும். ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து, மீண்டும் ஓட்டம் என்றால் உப்புக்கொத்தி. தலை நிமிராமல் தையல் இயந்திரம்போல் குத்திக்கொண்டே போனால் உள்ளான் கூட்டம். வாலை விடாமல் ஆட்டிக்கொண்டு கல்விளிம்பில் தனியே நடந்தால் காமன் சேண்ட்பைப்பர்.

இனி, தினமும் குழப்பும் ஜோடிகள்.

உப்புக்கொத்திகள்: கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சேண்ட் ப்ளோவர்கள். வளையம் இருந்து, கண்ணைச் சுற்றி மஞ்சள் கோடும் மங்கிய மஞ்சள்–பழுப்புக் காலும் இருந்தால் பட்டாணி உப்புக்கொத்தி. வளையம் இருந்து கால் கருமை, மார்புப் பட்டை நடுவில் முறிந்திருந்தால் கென்டிஷ் ப்ளோவர். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் ஹனுமான் ப்ளோவர் இதற்கு மிக நெருங்கிய உருவம். முதல் ஆண்டில் அதைப் பிரிக்க முயன்று தூக்கம் கெடுக்க வேண்டாம். சேண்ட் ப்ளோவர்களில் சிறியதும் பெரியதும் கலந்து நிற்கும்போது அலகைப் பாருங்கள்: தடித்து நீண்டு, காலும் நீளமாக இருந்தால் கிரேட்டர். தனியாக ஒன்று நின்றால், அளவை ஒப்பிட ஒன்றும் இல்லை. பெயர் வைக்காமல் விடுங்கள்.

கொசு உள்ளானும் டெம்மிங்க்ஸ் ஸ்டின்ட்டும்: முன்னதற்குக் கறுப்புக் கால், பின்னதற்கு மஞ்சளான கால். ஆனால் சேறு அப்பிய கால் எல்லாம் கறுப்புதான். காலைக் கழுவிக்கொண்டு நீருக்குள் நடக்கும் வரை காத்திருங்கள். டெம்மிங்க்ஸுக்கு மார்பு முழுக்க ஒரே சாம்பல். பெரும்பாலும் நன்னீர் விளிம்பில் தனியே இருக்கும்.

பச்சைக்காலியும் மார்ஷ் சேண்ட்பைப்பரும்: இரண்டுக்கும் பறக்கும்போது முதுகில் வெள்ளை ஆப்பு தெரியும். பச்சைக்காலியின் அலகு தடித்து நுனி சற்றே மேல்நோக்கும். மற்றதன் அலகு ஊசி.

கோல்டன் ப்ளோவரும் கிரே ப்ளோவரும்: நிற்கும்போது குழப்பும், பறந்தால் நொடியில் தீரும். இறக்கைக்கடியில் அக்குளில் கறுப்புத் திட்டு இருந்தால் கிரே.

மூக்கன்கள்: இறக்கையில் அகன்ற வெள்ளைப் பட்டையும் கறுப்பு வாலும் இருந்தால் கருவால் மூக்கன்.

வளைந்த அலகுடைய பெரியவை: தலையில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இருந்தால் விம்ப்ரல், கோடில்லாமல் அலகு மிக நீண்டால் கர்லூ.

கடற்காகங்கள்: இறக்கை நுனிக் கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டுகள் இருந்தால் பழுப்புத்தலைக் கடற்காகம். வெளி இறக்கையின் முன்விளிம்பு முழுக்க வெள்ளையாக ஓடினால் கருந்தலை. ஆலாக்களில் அலகின் நிறமே போதும்: பெரிய சிவப்பு அலகு காஸ்பியன், மஞ்சள் என்றால் கிரேட்டர் க்ரெஸ்டட், ஆரஞ்சு என்றால் லெஸ்ஸர் க்ரெஸ்டட், தடித்த கறுப்பு என்றால் கல்-பில்ட்.

தமிழ்ப் பெயர்கள் நூலுக்கு நூல், ஊருக்கு ஊர் வேறு. ஒரே "உள்ளான்" ஐந்து பறவைகளைக் குறிக்கும். குறிப்பேட்டில் உலகப் பொதுப் பெயரையும் சேர்த்து எழுதிவிடுங்கள். குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி சொல்வதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல் துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். காற்றிரைச்சலில் அது கேட்டதாகச் சொல்லும் பறவையைக் கண்ணால் பார்த்தபின் எழுதலாம்.

8. எண்ணுதல்

ஐம்பது வரை ஒவ்வொன்றாக. அதற்கு மேல், பத்தை எண்ணி அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்து, அதே கட்டத்தைக் கூட்டத்தின் மேல் வரிசையாக நகர்த்துங்கள். ஆயிரத்தை நெருங்கினால் ஐம்பது, நூறு கட்டம். பெரிய கூட்டத்தைப் பழகாத கண் குறைவாகவே மதிப்பிடும். அதனால் இரு முறை, இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் எண்ணிப் பாருங்கள். பெரிய வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை.

கலப்புக் கூட்டத்தில் முதலில் இனம் பார்க்காமல் மொத்தத்தை எடுங்கள், பறந்தால் மொத்தம் போய்விடும். சரி, 600. பிறகு கூட்டத்தின் நான்கு வெவ்வேறு பகுதிகளில் 50, 50 பறவைகளை இனம் பிரியுங்கள். அந்த 200-இல் கொசு உள்ளான் 130, கர்லூ சேண்ட்பைப்பர் 50, சேண்ட் ப்ளோவர் 20 என்றால், மொத்தம் முறையே 390, 150, 60. நான்கு பகுதிகளையும் ஓரத்திலேயே எடுக்காதீர்கள். சிறியவை விளிம்பிலும் நீண்ட காலுடையவை நீர்ப்பக்கமும் நிற்கும், விகிதம் கோணலாகிவிடும்.

9. பதிவு செய்தல்

பறவைப் பட்டியல்களைப் பதிவேற்றும் இணையத்தளமான ஈபேர்டில் ஒவ்வொரு புள்ளிக்கோ வாழிடத்துக்கோ தனிப் பட்டியல் போடுங்கள். மூன்று கிலோமீட்டரையும் ஒரே பட்டியலில் அடைத்தால், கொசு உள்ளான் பாத்தியில் இருந்ததா முகத்துவாரத்திலா என்பது நாளை உங்களுக்கே தெரியாது. காகம், மைனா, மாடப்புறா உட்படக் கண்டதும் கேட்டதும் எல்லாம் எழுதினால் மட்டுமே முழுப்பட்டியல் என்று குறியுங்கள். போன வழியே திரும்பி வந்தால் ஒருவழித் தூரத்தை மட்டும் கொடுங்கள். எண்ண முடிந்தவரை "எக்ஸ்" (எண்ணிக்கை இல்லாமல் 'இருந்தது' என்று மட்டும் சொல்லும் குறி) போடாதீர்கள். தோராய எண்கூட அதைவிடப் பயன்.

உறுதியில்லாதவற்றுக்கு "இந்த இனம் அல்லது அந்த இனம்" என்ற வகைப் பொதுப் பதிவுகள் இருக்கின்றன. அவற்றைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். குறிப்புப் பெட்டியில் நான்கு செய்திகளை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்: நீர்க்கோடு, முகத்துவாரம் திறந்ததா மூடியதா, ஏற்றமா வற்றா, நாயோ ஆளோ கலைத்தார்களா. பறவை இல்லாத நாளையும் பதிவேற்றுங்கள்.

காலில் வண்ணக் கொடியோ வளையமோ தெரிந்தால் மற்ற வேலையை நிறுத்துங்கள். எந்தக் காலில், முழங்காலுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்ன நிறங்கள், எழுத்து ஏதும் உண்டா என்று எழுதிவிட்டுப் படம் எடுங்கள். தெளிவில்லாத படமும் உதவும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினால் எங்கே மாட்டியது என்ற விவரம் வரும். பறவையின் இடது கால், உங்கள் இடது கையின் பக்கம் அல்ல; எதிர்முகமாக நிற்கும் பறவையில் இதைத் தவறாக எழுதுபவர்களே அதிகம். செத்த பறவைகள் ஒன்றுக்கு மேல் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்கோ கால்நடைத் துறைக்கோ சொல்லுங்கள்.

10. மாதங்களின் போக்கு

ஆகஸ்ட், செப்டம்பரில் முதலில் வருபவை முதிர்ந்தவை. சேண்ட் ப்ளோவரின் மார்பில் ஆரஞ்சும் கர்லூ சேண்ட்பைப்பரின் வயிற்றில் செங்கல் நிறமும் திட்டுத்திட்டாக மிச்சமிருக்கும். கழி வற்றிக் கிடப்பதால் பறவை கிட்டே இருக்கும். அடையாளம் பழக இதைவிட எளிய வேளை கிடையாது, ஆனால் வெயிலுக்குப் பயந்து யாரும் போவதில்லை.

செப்டம்பர் கடைசி, அக்டோபரில் இவ்வாண்டுக் குஞ்சுகள் வரும். முதுகில் இறகு ஒவ்வொன்றுக்கும் வெளிர் ஓரம் இருந்து செதில்போல் தெரிந்தால் அது இளம்பறவை.

நவம்பர், டிசம்பரில் நீர் ஆழம். கரைப்பறவையை எதிர்பார்க்காமல் ஊசிவால் வாத்து, மீசை ஆலா, கடற்காகம், சேற்றுப் பூனைப்பருந்து ஆகியவற்றுக்குப் போங்கள். சிறு உள்ளான்கள் மேடான பாத்திகளுக்கோ மழைநீர் தேங்கிய வெற்றிடங்களுக்கோ ஒதுங்கியிருக்கும். புயல் கடந்த மறுநாள், எச்சரிக்கை விலக்கப்பட்டபின், கடற்கரையைப் பாருங்கள். ஆழ்கடல் ஆலாக்கள் ஒதுங்குவது உண்டு.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பும் வரும். உங்கள் வழக்கமான வழியையே அதற்கும் செய்யுங்கள். அன்று மட்டும் கூடுதல் இடங்களைச் சேர்த்தால் அந்த ஒரு வாரம் மற்ற வாரங்களோடு ஒப்பிட முடியாததாகிவிடும்.

பிப்ரவரி, மார்ச் எண்ணிக்கை உச்சம். வாரம் இருமுறை போக நேரமிருந்தால் இப்போது போங்கள். மார்ச் கடைசியிலிருந்து நிறம் ஏற ஆரம்பிக்கும். ஆகஸ்டில் அரைகுறையாகப் பார்த்த ஆரஞ்சு இப்போது முழுமையாகத் தெரியும். ஏப்ரலில் ஒவ்வொரு இனத்தையும் கடைசியாகக் கண்ட தேதியைக் குறித்துக்கொண்டே வாருங்கள். முதல் தேதியை எல்லோரும் குறிக்கிறார்கள், கடைசித் தேதி எழுத ஆளில்லை.

மே மாதத்தில் நெடுங்கால் உள்ளானும் ஆட்காட்டியும் வரப்புகளில் முட்டையிடும், ஆகவே வரப்பில் நடக்காமல் சாலையோரப் புள்ளிகளில் மட்டும் நில்லுங்கள். ஜூன், ஜூலையில் மாதம் ஒருமுறை போனால் போதும். வடக்கே போகாமல் தங்கிவிட்ட, சாம்பல் நிறம் மாறாத ஓராண்டுப் பறவைகள் சில நிற்கும். அவற்றையும் எண்ணி எழுதி வையுங்கள். ஆகஸ்டில் "முதல் வரவு" என்று ஒன்றைக் குறிக்கும் முன், அது போகாமல் நின்றதா புதிதாக வந்ததா என்று சரிபார்க்க அந்தக் கணக்கு வேண்டும்.